சுவர்க்காது

பால் வாங்கப் போன சம்யுக்தா திரும்பி வந்தபோது வாசலுக்கு மேலே இருந்த விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. போகும்போது பச்சையாகத்தான் இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். எதிர்வீட்டுப் படியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாய்கூடக் கொப்பளிக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பச்சை எரிந்தால் வீட்டின் குடியிருப்புச் சான்று செல்லும் என்று அர்த்தம். மஞ்சள் எரிந்தால் வீட்டின் மேல் சந்தேகம். சிவப்பு வந்துவிட்டால் அன்றைக்கே மின்சாரமும் தண்ணீரும் நின்றுவிடும். அதற்குப் பிறகு யாரிடம் போய் நின்றாலும் வராது.

மற்ற வீடுகளில் மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும். இந்த வீட்டில் அவள் கணவன் கௌசிக்கின் மூச்சு நிற்கும்.

"என்ன புள்ள, பாலு கெடைக்கலியா?" என்றான் உள்ளறையிலிருந்து. ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொல்வான். நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. நெஞ்சுக்கும் இருமும் பலம் கிடையாது. சளி கட்டினால் அதை மெஷின் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும்.

"லைட்டு மஞ்சளாயிருச்சு மாமா."

"என்ன போட்டுருக்குது?"

அவள் போனைப் பார்த்தாள். நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது. அனுமதிக்கப்பட்ட பயன்பாடு: வீடு. கண்டறியப்பட்ட பயன்பாடு: மருத்துவமனை.

"ஆஸ்பத்திரியாம்."

"அடேங்கப்பா. அப்ப நீ நர்சம்மா. ஒரு வெள்ளத் தொப்பி வாங்கிப் போட்டுக்க," என்றான் கௌசிக். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சளியில் சிக்கி உள்ளே இழுத்தது. அவள் பால் பையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

விளக்குக்கு வேலை கொடுப்பது சுவருக்குள் இருக்கும் ஒரு கருவி. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் வைத்த பெயர் சுவர்க்காது. வரைபடத்தில் அதற்கு இடம் காட்டினால்தான் கட்டிட அனுமதி. உத்தரத்துக்குள் அதைப் புதைத்து முடித்தால்தான் குடியேறச் சான்று. காலடி, மோட்டார், குழாய்த் தண்ணீர், கதவு என்று வீட்டில் அதிர்கிற எல்லாவற்றையும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டு, இது வீடா, கடையா, பட்டறையா என்று தானே முடிவுசெய்யும்.

இந்தச் சட்டம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பனியன் கம்பெனிகள் நிறைந்த அந்த ஊரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடம் என்று அனுமதி வாங்கிய இடத்தில், ரகசியமாகச் சாயப்பட்டறை நடந்தது. பார்க்க வந்த அதிகாரி காரைத்தான் பார்த்ததாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். பாய்லர் வெடித்து மூன்று மாடிகள் அப்படியே உட்கார்ந்தன. இரண்டாம் மாடியில் குடியிருந்த கௌசிக்கை உத்தரத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அப்போது சட்டம் கேட்டு ஊரே தெருவில் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேமராவைப் பார்த்து, "மனுசக் கண்ண நம்பாதீங்க, சுவத்துக்கே ஒரு காத வைங்க," என்று முதலில் சொன்னவன் கௌசிக்தான்.

மறுநாள் ஆய்வாளர் வந்தான். அஸ்வந்த் என்று பெயர். முப்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே விளக்கைப் பார்த்தான், பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே வந்தான். காற்று நிரப்பிய மெத்தையையும் கட்டிலருகே இருந்த சளி மெஷினையும் கௌசிக்கையும் பார்த்து அவன் முகம் மாறியது.

"சார்... நீங்க அந்த வீடியோல..."

"நானேதான் தம்பி. உக்காருங்க. சம்யு, காப்பி வை."

"வேண்டாங்க்கா. ஆய்வுக்குப் போற வீட்ல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது." அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "எனக்குக் கண்ணுக்குத் தெரியுதுங்க, இது வீடுதான். ஆனா எங்க கண்ணுக்கு இப்பக் கையெழுத்து போடற உரிமை கெடையாது. காது சொன்னாத்தான் உண்டு."

"காது ஏன் அப்படிச் சொல்லுது?" என்றாள் சம்யுக்தா.

"வீடுன்னா ஒரு ஒழுங்கு இருக்காதுங்க்கா. ஒரு நாள் நேரத்துல சமைப்பாங்க, ஒரு நாள் சமைக்க மாட்டாங்க. தூங்குவாங்க, சண்ட போடுவாங்க, எந்திரிச்சுப் போவாங்க. ஒரே காரியம் ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப நடந்துச்சுன்னா அது தொழில். இங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மோட்டார் ஓடுது. உடனே கட்டிலச் சுத்தி அதே காலடி. பொறவு கை கழுவற தண்ணி. வருசக்கணக்கா ஒரு தடவகூடத் தப்பலீங்."

"தப்புனா அவுங்க செத்துப்போவாங்க தம்பி."

"தெரியுதுங்க்கா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னொண்ணும் இருக்கு. உங்க வீட்டுக்கு ஒரம்பரை, சொந்தக்காரங்க வர்றது. செவ்வாக்கிழம ஒருத்தரும் வர்றதில்ல. வெள்ளிக்கிழம வர்றதில்ல. மத்த நாள்லகூட ராகு காலத்துல படி மிதிக்கறதில்ல. வந்தா எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்து, ஒரே நேரத்துக்குப் போயிடறாங்க. காதுக்கு அது பார்வையாளர் நேரங்க்கா."

கௌசிக் கண்ணை மூடிச் சிரித்தான். "நோவாளியப் பாக்க செவ்வா வெள்ளி வரக்கூடாதுன்னு எந்த மெஷினுக்குத் தெரியும்?"

"சரி, ஆஸ்பத்திரின்னே வெச்சுக்குங்க. அதுக்கு அனுமதி குடுத்துருங்க," என்றாள் அவள்.

"இது குடியிருப்பு மண்டலங்க்கா. தெரு அகலம் பத்தாது. தீயணைப்பு வண்டி உள்ள வந்தா திரும்ப எடமில்ல. குடுக்கவே மாட்டாங்க."

"டாக்டர்கிட்ட லெட்டர்?"

"அப்படி லெட்டர் காட்டி நர்சிங் ஹோமே நடத்திட்டாங்க பல பேரு. இப்ப அது செல்லாது." அவன் எழுந்தான். "பதினஞ்சு நாள் கவனிப்புல வெச்சிருக்குது. அதுக்குள்ள காது மனசு மாறலீன்னா சிவப்பு. சாரை ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மருத்துவ மண்டலத்துக்குக் கொண்டு போகோணும்."

அந்த இடம் இருவருக்கும் தெரியும். விபத்துக்குப் பிறகு கௌசிக் இரண்டு வருடம் அங்கே கிடந்தான். அவனை யார் திருப்பிப் போடுகிறார்கள் என்று முகம் பார்த்ததில்லை. கையுறை மாட்டிய கைகள் வரும், போகும். முதுகெல்லாம் புண்ணோடுதான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இப்ப நான் என்னதான் பண்ணோணும்?" என்றாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடி அஸ்வந்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "வீடு மாதிரி இருங்க்கா," என்றான் தாழ்ந்த குரலில்.

பக்கத்து வீட்டு வர்ஷினி அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள், தனி ஆள். மஞ்சள் விளக்கைக் கண்டு ஒதுங்காத ஒரே ஆள்.

"வீடு மாதிரி இருக்கறதுக்கு என்னடி கஷ்டம்? எங்கூட்டுக்காரன் இருந்த காலத்துல நாங்க போட்ட சத்தத்துக்கு இந்தக் காது செவிடாயிருக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமளி. கௌசிக்குக்குச் சளி எடுத்து முடித்த கையோடு சம்யுக்தா தட்டைக் கீழே போடுவாள். வர்ஷினி அக்கா தங்குதங்கென்று நடப்பாள். டிவியை அலற விடுவார்கள். கதவை ஓங்கிச் சாத்துவார்கள். பொய்ச் சண்டை போடுவார்கள்.

"என்னடி குழம்பு இது, கழனித் தண்ணி?"

"வேணும்னா நக்குங்க, இல்லாட்டி போங்க."

"மெதுவா... எனக்குச் சிரிப்பு வந்தா மெஷின் போடோணும்," என்று உள்ளறையிலிருந்து கௌசிக் கெஞ்சுவான்.

பதினைந்து நாளில் பாதி கழிந்தபோது அறிக்கை வந்தது. சம்யுக்தா அதை இரண்டு தடவை படித்துவிட்டு வாய்விட்டுப் படித்தாள். கண்டறியப்பட்ட பயன்பாடு: மருத்துவமனை, நாடக அரங்கு இணைந்தது.

வர்ஷினி அக்கா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அஸ்வந்துக்குப் போன் போட்டார்கள்.

"அக்கா, நீங்க தட்டு போடறதே ஒரே நேரத்துலங்க. மெஷின் நின்னதும் தட்டு. தட்டு விழுந்ததும் நடை. நடை முடிஞ்சதும் டிவி. ஒத்திகை மாதிரியே இருக்குது. நெசமாத் தப்பறதுக்கும் வேணும்னு தப்பறதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியுமுங்க."

மிச்சம் இருந்தது ஒரே வழி. யாராவது வெள்ளிக்கிழமை வர வேண்டும். சம்யுக்தா சொந்தக்காரர்களுக்கெல்லாம் பேசினாள். கௌசிக்கின் அத்தை போனிலேயே அழுதுவிட்டாள்.

"வெள்ளிக்கெழம நோவாளி மொகத்துல முழிச்சா நோவு அந்த வூட்லயே குடியிருந்துக்கும் கண்ணு. வேற எது வேணா கேளு. அவன் நல்லா இருக்கோணும்னுதான் நான் வரமாட்டீங்கறேன்."

சித்தப்பா மகன் வருகிறேன் என்றான். பிறகு அவன் பெண்டாட்டி போன் செய்து, அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்றாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அவன் பிழைத்திருக்க வேண்டும் என்று நினைத்தே வராமல் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் படியேறி வந்தது வர்ஷினி அக்கா மட்டும்தான். மடியில் ஒரு கட்டு கீரை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தாள். சம்யுக்தா அப்போதுதான் கௌசிக்கைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தாள். பல நாள் தூக்கமில்லாத கண்.

"இன்னைக்கு யாரும் வரமாட்டாங்க்கா. முடிஞ்சுது. அடுத்த வாரம் வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடும்."

"ஏன் அப்படிப் பேசற?"

"வேற எப்படிப் பேசறது? எந்தப் பாவி இந்தச் சட்டத்தக் கொண்டாந்தானோ, அவங் கை அழுகிப் போகோணும்."

கீரை கிள்ளிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "அந்தப் பாவில நானும் ஒருத்தி," என்றாள் வர்ஷினி அக்கா. "மழையில நின்னு கையெழுத்து வாங்கினேன். உங்கூட்டுக்காரனும் சேர்ந்துதான் கேட்டான்."

சம்யுக்தாவுக்குத் தெரியும். அக்காவின் மகள் அன்று இடிந்த கட்டிடத்தின் முதல் மாடியில் டியூஷன் படித்துக்கொண்டிருந்தாள். அதைத் தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"உங்க புள்ள போயிட்டா. இவுங்க இன்னும் போகலியேக்கா. போனவங்களுக்காக ஒரு சட்டம் போட்டு இருக்கறவங்களக் கொல்லச் சொன்னது யாரு?"

வர்ஷினி அக்கா முறத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். படியிறங்கிப் போனாள்.

முறத்தில் கிடந்த கீரையைப் பார்த்துக்கொண்டு சம்யுக்தா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பின்னாலேயே ஓடினாள். அக்கா தன் வீட்டுக்குள்கூடப் போயிருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சம்யுக்தா அவள் காலடியில் உட்கார்ந்தாள். "அக்கா, நான் மனுசியே இல்லக்கா," என்றாள்.

இத்தனை வருடத்தில் வர்ஷினி அக்கா மகளைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினாள். அந்தப் பெண் கணக்குக்குப் பயந்தவள். அன்று காலையில் வயிற்று வலி என்று சொன்னாள். பொய் என்று தெரிந்து, முதுகில் ஒரு அடி வைத்து டியூஷனுக்கு அனுப்பினாள். "அந்த அடிதான் சம்யு இன்னும் என் உள்ளங்கையில எரியுது." சம்யுக்தா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். வெயில் படிக்கு ஏறி வந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெயில் காலில் சுட்டபோதுதான் சம்யுக்தாவுக்கு உறைத்தது.

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் இடறினாள், கதவில் தோள் மோதியது, முறம் காலில் பட்டுக் கீரை சிதறியது. அவள் விட்டுப்போன போனில் மெஷின் நேரத்து அலாரம் அடித்து ஓய்ந்திருந்தது. கௌசிக் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட அவனுக்கு மூச்சு இல்லை. உதடு நீலம் பாரித்து, கண் மேலே செருகியிருந்தது. தொண்டைக்குள்ளிருந்து கொதிக்கும் உலைபோல ஒரு சத்தம்.

குழாயைச் செருகும்போது இரண்டு தடவை தப்பியது. "மாமா, மாமா, மாமா." மெஷின் உறுமியது. சளி வந்தது, பிறகு ரத்தம் கலந்த சளி வந்தது. வர்ஷினி அக்கா ஓடி வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து அவன் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தடவை. கண் கீழே இறங்கி வந்து அவளைத் தேடியது.

சம்யுக்தா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் சரிந்து, வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை விளக்கு பச்சையாக எரிந்தது.

அஸ்வந்த் சிரித்த முகமாக வந்தான். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தான். "கவனிப்பு முடிஞ்சதுங்க. இனி நான் காப்பி குடிக்கலாம்," என்றான். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்:

"வெள்ளிக்கிழம என்னங்க்கா நடந்துச்சு?"

"ஏன்?"

"இல்ல, காது எழுதியிருக்குது." போனைப் பார்த்துப் படித்தான். "பராமரிப்பு தவறியது. தாறுமாறான ஓட்டம். பின் நெடுநேரம் தரையில் அதிர்வு. பணியாளர் அல்லர். குடியிருப்பவர். பயன்பாடு: வீடு." அவன் நிமிர்ந்தான். "சம்பளத்துக்கு வர்றவங்க நேரம் தவற மாட்டாங்க, தவறினாலும் இப்படி ஓட மாட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. நீங்க பெழச்சுட்டீங்க."

சம்யுக்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். "இனி மஞ்ச வராதா?"

அவன் காப்பி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மறுபடி எல்லாம் ஒழுங்கா ஆயிருச்சுன்னா... வருமுங்க்கா. ஒருக்கா மஞ்ச எரிஞ்ச வீடுங்க, இனி வருசக்கணக்கா ஆகாது, ஆறு மாசமோ, எட்டு மாசமோ."

"அப்ப?"

"அப்ப மறுபடி..." என்று ஆரம்பித்தவன் கட்டிலைப் பார்த்தான். கட்டிலில் இருந்தவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அஸ்வந்த் மிச்சக் காப்பியைக் குடிக்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான்.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கௌசிக் கூரையைப் பார்த்தபடி இருந்தான்.

"சம்யு."

"சொல்லுங்க மாமா."

"வேணும்னு தப்பினா அதுக்குத் தெரிஞ்சுரும். நெசமாத்தான் மறக்கோணும்." மூச்சு வாங்கினான். "மறந்துரு. எப்பன்னு எங்கிட்டச் சொல்லாத. சொன்னா நான் காத்துக்கிட்டுக் கெடப்பேன்."

"பேசாம இருங்க."

"அந்த அலாரத்த நிப்பாட்டு மொதல்ல. அது இருந்தா எப்படி மறப்ப?"

அவள் மறுத்தாள். அவன் விடவில்லை. கடைசியில் போனில் இருந்த அலாரங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். அவன் பார்க்கும்படி திரையைக் காட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய், வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி களைந்தாள். வெங்காயம் நறுக்கினாள். வர்ஷினி அக்காவை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, சினிமாக் கதை ஒன்றைச் சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னாள். சம்யுக்தா ம் கொட்டினாள். இடையில் சிரிக்கவும் செய்தாள். கதாநாயகி ரயிலில் ஏறப்போகும் இடத்தில், அவள் கையிலிருந்த கத்தி தானாக நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. இருங்க வந்தர்றேன்."

உள்ளறைக்குப் போனாள். கௌசிக் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

"கெடுத்துட்டயே புள்ள," என்றான்.

அவள் அவன் தோளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, மெதுவாக, வலி இல்லாமல், இந்தப் பக்கம் திருப்பினாள்.